கதிரையை விட்டு எழும்ப ஒரு சாட்டு: கந்தோர் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

"ஒரு நாளைக்கு எத்தனை தரம் கதிரைய விட்டு எழும்புறீங்க அக்கா?"

ஆஸ்பத்திரியில் எனக்குப் பயிற்சி சொல்லித்தந்த பிசியோதெரபித் தங்கச்சி முதலில் கேட்டது இதைத்தான். என்னிடம் பதில் இல்லை. அப்போது நான் கணக்குப் பிரிவில் பத்து வருடம் வேலை செய்திருந்தேன். மார்கழி மாதம், வருட முடிவுக் கணக்கு அவசரம். நிலத்தில் கிடந்த ஃபைல் கட்டு ஒன்றைத் தூக்கக் குனிந்தேன், நாரி பிடித்துக்கொண்டது. நிமிர முடியவில்லை. இரண்டு பேர் தாங்கிக்கொண்டு போய் வாங்கில் படுக்க வைத்தார்கள். மூன்று கிழமை லீவு. எனக்கு வயது 34.

நான் நடக்காத ஆளும் இல்லை. கிழமையில் நாலு நாளாவது பின்னேரம் கல்லடிக் கடற்கரையில் அரை மணித்தியாலம் நடப்பேன். உடம்பை ஒழுங்காகத்தான் பார்த்துக்கொள்கிறேன் என்று நம்பியிருந்தேன். அந்தத் தங்கச்சி ஒரு கடதாசியை எடுத்துக் கணக்குப் போட்டார். எட்டரையிலிருந்து நாலேகால் வரை கந்தோர்க் கதிரை. பஸ்ஸில் போக வர ஒரு மணித்தியாலம். வீட்டில் சாப்பாடு, ரீவி, போன் என்று மூன்று மணித்தியாலத்துக்கு மேல். நித்திரை போக மிஞ்சும் 17 மணித்தியாலத்தில் கிட்டத்தட்ட 12 மணித்தியாலம் நான் உட்கார்ந்தே இருந்திருக்கிறேன். அந்த அரை மணித்தியால நடை நல்லதுதான். ஆனால் மிச்ச நேரம் முழுவதும் கால் அசையாமல் கிடந்ததற்கு அது மட்டும் ஈடாகாது என்று அன்றைக்குத்தான் விளங்கியது.

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் ஒரு நியமனக் கடிதம் கையில் கிடைக்க வருடக்கணக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். கிடைத்ததும் ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு கொம்பியூட்டர். அரச வேலை என்றால் 60 வயது வரைக்கும் அந்தக் கதிரைதான். வங்கியில் சேர்ந்தவர்களும், வீட்டில் லப்டொப்பை வைத்துக்கொண்டு வெளியூர்க் கம்பனிக்கு வேலை செய்பவர்களும் அப்படியே. முதல் மாதத்திலேயே பழக்கத்தைச் சரியாகப் போட்டுவிட்டால் நான் பட்ட பாடு உங்களுக்கு வேண்டியதில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

உட்கார்ந்தே இருந்தால் என்ன ஆகும்?

லண்டனில் ஜெரமி மொரிஸ் என்ற வைத்தியர், இரண்டு தட்டு பஸ்களில் வேலை செய்தவர்களை ஆராய்ந்து 1953இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். ட்ரைவர்கள் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். கொண்டக்டர்கள் டிக்கட் கொடுக்கப் படி ஏறி இறங்கினார்கள். ஒரே பஸ், ஒரே வகையான குடும்பப் பின்னணி. ஆனால் மாரடைப்பு ட்ரைவர்களுக்குத்தான் கூட. தபால் திணைக்களத்திலும் அவர் இதைப் பார்த்தார். நடந்தும் சைக்கிளிலும் கடிதம் கொண்டுபோனவர்களைவிட, உள்ளே உட்கார்ந்து வேலை செய்த லிகிதர்களுக்கும் டெலிபோன் ஒபரேட்டர்களுக்கும் இருதய வருத்தம் அதிகம். சில வருடம் கழித்து அவரே இன்னொன்றையும் சொன்னார்: ட்ரைவர்கள் வேலைக்குச் சேரும்போதே இடுப்பு பெருத்தவர்களாக இருந்தார்கள், சீருடை அளவுகளில் அது தெரிந்தது. அதனால் முழுப் பழியையும் கதிரையின் மேல் போட முடியாது. ஆனாலும் அதற்குப் பிறகு வந்த ஆய்வுகள் திரும்பத் திரும்ப அதே பக்கத்தையே காட்டியிருக்கின்றன. கல்முனை பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் எனக்கு அந்த லண்டன் கொண்டக்டர்கள் நினைவுக்கு வருவார்கள்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். கெண்டைக்கால் தசை சுருங்கி விரியும்போது காலில் இறங்கிய இரத்தத்தை மேலே தள்ளிவிடுகிறது. அசையாமல் இருந்தால் இரத்தம் கீழேயே தேங்கும். பின்னேரம் கால் வீங்கிச் சப்பாத்து இறுக்குவது அதனால்தான். சோறு தின்ற பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரிய பங்கை எடுத்துச் செலவழிப்பதும் தசைதான். தசை சும்மா இருந்தால் சீனி இரத்தத்திலேயே கூட நேரம் நிற்கும். நாரியைத் தாங்கும் தசைகளும் நாளடைவில் பலம் குறைந்துபோகும். அப்படி இருக்கும்போது ஒரு நாள் திடீரென்று ஃபைல் கட்டைத் தூக்கினால் என்ன நடக்கும் என்பதைத்தான் மேலே சொன்னேன்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் 2023இல் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள், 11 பேர்தான். நாள் முழுக்க உட்கார்ந்திருந்ததைவிட, அரை மணிக்கொருமுறை 5 நிமிடம் மெதுவாக நடந்த நாளில் சாப்பாட்டுக்குப் பிறகு ஏறும் சீனி 58 சதவீதம் குறைவாக இருந்தது. பிறசரும் 4, 5 புள்ளி இறங்கியது. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மட்டும் நடந்தபோது சீனியில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. சின்ன ஆய்வு என்பதால் இந்த எண்ணிக்கைகளை நான் பிடித்துக்கொண்டு நிற்கவில்லை. 'அரை மணி' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ஒரு நாள் கணக்கெடுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் வழக்கமான ஒரு வேலை நாளை எடுங்கள். செவ்வாய், புதன் நல்லது. ஒரு துண்டுக் கடதாசியை மேசையில் வைத்து, எழும்பும் ஒவ்வொரு தடவையும் ஒரு கோடு போடுங்கள். எவ்வளவு தூரம் நடந்தீர்கள் என்று பார்க்க வேண்டாம். எழும்பினீர்களா, அவ்வளவுதான். கோடு இல்லாமல் கழிந்த ஆக நீண்ட நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். என்னுடைய முதல் கடதாசியில் ஆறு கோடு இருந்தது. ஒன்றேகாலிலிருந்து நாலு மணி வரை ஒரு கோடுகூட இல்லை. அந்தக் கடதாசியை எறியாமல் லாச்சியில் வையுங்கள், பிறகு தேவைப்படும்.

கதிரையும் மேசையும்

புதுக் கதிரை வாங்கித் தரச் சொல்லிக் கந்தோரில் கேட்டால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. இருப்பதை வைத்தே முக்கால்வாசி சரிசெய்யலாம்.

பாதம் இரண்டும் நிலத்தில் முழுதாகப் பதிய வேண்டும், முழங்கால் ஏறக்குறைய செங்கோணத்தில் மடிய வேண்டும். எங்கள் பெண்கள் பலருக்குக் கந்தோர்க் கதிரை உயரம். கால் தொங்கும், தொடையின் பின்பக்கம் அழுத்தும், விறைக்கும். இரண்டு செங்கல்லைப் பழைய துணியில் சுற்றிக் காலடியில் போட்டால் போதும். கதிரையில் நன்றாகப் பின்னுக்குத் தள்ளி இருங்கள். நாரிக்கும் கதிரை முதுகுக்கும் நடுவில் இடைவெளி இருந்தால் ஒரு துவாயை உருட்டி அதில் வையுங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் வேலை செய்கிறேன்.

கொம்பியூட்டர்த் திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு வர வேண்டும். பெரும்பாலான மேசைகளில் அது கீழேதான் இருக்கும். 500 தாள் கொண்ட ஏ4 கட்டு ஒன்று ஏறக்குறைய 5 சென்ரிமீற்றர் உயரம், இரண்டு கட்டு வைத்தால் அனேகமாகச் சரிவரும். திரை ஒரு கை நீளம் தள்ளி இருக்கட்டும். மனிதத் தலை 5 கிலோ அளவு பாரம். அதைக் குனியக் குனியப் பிடரித் தசைக்குச் சுமை பல மடங்கு ஏறுகிறது. லப்டொப்பில் வேலை செய்பவர்களுக்குத்தான் இதில் ஆகக் கஷ்டம், ஏனென்றால் திரையை உயர்த்தினால் கீபோட்டும் உயர்ந்துவிடும். தனியாக ஒரு கீபோட்டும் மவுஸும் வாங்குங்கள். வீட்டில் வேலை செய்பவர்கள் முதல் சம்பளத்தில் வாங்க வேண்டியது அதுதான் என்பேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் வைத்து வேலை செய்யாதீர்கள்.

நின்றுகொண்டு வேலை செய்யும் உயரமான மேசை பற்றிச் சிலர் கேட்கிறார்கள். அதற்குக் காசு செலவழிக்க வேண்டாம். அசையாமல் மணிக்கணக்கில் நிற்பதும் கால் நரம்பு புடைப்பதில்தான் கொண்டுபோய் விடும். உடம்பு கேட்பது மாறி மாறி அசைவது.

எழும்ப ஒரு சாட்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் செய்யப்போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

போனில் அலாரம் வைத்து அரை மணிக்கொருமுறை எழும்புவோம் என்றுதான் எல்லோரும் தொடங்குகிறோம். முதல் நாள் எழும்புவோம். மூன்றாம் நாள் அவசர வேலையில் அலாரத்தை நிறுத்துவோம். அடுத்த கிழமை அது அடிப்பதே காதில் விழாது. எழும்ப வேண்டும் என்று நினைத்து எழும்புவது கஷ்டம். எழும்பியே ஆக வேண்டிய ஒரு சாட்டு இருந்தால் கால் தன்பாட்டில் எழும்பும். அதனால் உங்கள் மேசையைக் கொஞ்சம் வசதிக்குறைவாக ஆக்கிக்கொள்ளுங்கள்.

தண்ணீரிலிருந்து தொடங்குங்கள். மேசையில் ஒன்றரை லீற்றர்ப் போத்தல் வைத்திருந்தால் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டு ஒரு சின்னக் கிளாஸ் வையுங்கள். முடிய முடிய எழும்பிப் போய் நிரப்ப வேண்டும். எங்கள் ஊர் வெக்கைக்குத் தண்ணீர் நிறையத் தேவை, ஆகவே நாளுக்கு எட்டு ஒன்பது தடவை இதிலேயே வந்துவிடும். அப்புறம் கழிவறைக்கும் எழும்புவீர்கள். இந்த இடத்தில் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கழிவறை சுத்தமில்லை, கதவு பூட்டுதில்லை என்பதற்காகக் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கும் பெண்கள் நிறையப் பேர். நானும் அப்படி இருந்து சலக்கடுப்பு வந்து அவதிப்பட்டிருக்கிறேன். தயவு செய்து அப்படி இருக்க வேண்டாம். நாலு பேர் சேர்ந்து எழுத்தில் கேளுங்கள். நாங்கள் கேட்டபோது ஒரு பூட்டும் ஒரு வாளியும் இரண்டே கிழமையில் வந்தன.

போன் வந்தால் எழும்பி நின்று கதையுங்கள். கைபேசி என்றால் வராந்தா வரை நடந்தபடி கதையுங்கள். அடுத்த அறையில் இருப்பவருக்கு வட்ஸ்அப் போடுவதற்குப் பதிலாக நேரில் போய்க் கேளுங்கள். பிரிண்டர் மேசைக்குப் பக்கத்தில் இருந்தால் அறையின் மற்ற மூலைக்கு மாற்றச் சொல்லுங்கள். குப்பைக் கூடை காலடியில் வேண்டாம். உங்கள் ஃபைலைக் கே.கே.எஸ். (கந்தோர் உதவியாளர்) தம்பிதான் கொண்டுபோக வேண்டும் என்று இருக்காதீர்கள். அவருடைய வேலை போய்விடாது, அவருக்கு வேறு நூறு வேலை இருக்கிறது. கையெழுத்து வாங்க நீங்களே ஒரு தரம் போய் வாருங்கள்.

கவுண்டரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் சிக்கல். வெல்லாவெளியிலிருந்தோ கொக்கட்டிச்சோலையிலிருந்தோ விடிய வெளிக்கிட்டு வந்து வரிசையில் நிற்பவர்களை விட்டுவிட்டு நாம் உடற்பயிற்சி என்று எழும்பிப் போக முடியாது, போகவும் கூடாது. அங்கே நான் செய்தது இது: வயதானவர் ஒருவர் வந்தால் எழும்பி நின்று "வாங்க ஐயா" என்பேன். படிவத்தை வாங்கும்போதும் திருப்பிக் கொடுக்கும்போதும் எழும்புவேன். முதலில் நாரிக்காகத்தான் தொடங்கினேன். ஆனால் அந்த ஐயாமாரின் முகம் மாறியதைப் பார்த்த பிறகு அதை நாரிக்காக மட்டும் செய்யவில்லை.

மேலதிகாரிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். புதிதாக வந்த ஆள் அடிக்கடி எழும்பினால் வேலையில் கவனமில்லை என்று நினைப்பது இயல்பு. "சேர், எனக்கு நீண்ட நேரம் இருந்தா நாரி பிடிக்குது, அரை மணிக்கொருக்கா எழும்பி ரெண்டு நிமிசம் நடப்பன், வேலைக்குப் பிரச்சினை வராது" என்று முதல் கிழமையிலேயே சொன்னால் முடிந்தது. என் பக்கத்து மேசை அக்கா, "என்னகா, சும்மா சும்மா எழும்பித் திரியிறீங்க?" என்று ஒரு மாதம் கேட்டார். நானும் ஒவ்வொரு தடவையும் விளக்கம் சொன்னேன். இப்போது தண்ணீர் நிரப்ப இரண்டு பேரும் ஒன்றாகத்தான் போகிறோம்.

வீட்டில் தனியாக லப்டொப்பில் வேலை செய்பவர்களுக்கு இந்தச் சாட்டுகள் பாதி இல்லை. அவர்களுக்கு அலாரம் தேவைதான். ஆனால் போனைக் கைக்கெட்டாத தூரத்தில், முன் விறாந்தையில் வைத்துவிடுங்கள். அதை நிறுத்தவாவது நடக்க வேண்டி வரும்.

மேசையடியில் செய்யக்கூடியவை

எழும்ப முடியாத கூட்டங்களும் அவசர வேலைகளும் வரத்தான் செய்யும். அப்போது இருந்த இடத்திலேயே குதிக்காலை நிலத்தில் ஊன்றி முன்பாதத்தைத் தூக்குங்கள், பிறகு முன்பாதத்தை ஊன்றிக் குதிக்காலைத் தூக்குங்கள். மாறி மாறி 20 தரம். மேசைக்குக் கீழே நடப்பது யாருக்கும் தெரியாது, சாறி உடுத்திருந்தாலும் அபாயா போட்டிருந்தாலும் தடையில்லை. அடுத்து ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணும் வரை பிடித்து இறக்குங்கள், பிறகு மற்றக் கால். தோள் இரண்டையும் காதுவரை உயர்த்திப் பின்பக்கமாக உருட்டி இறக்குங்கள். நாடியைப் பின்னுக்கு இழுத்துப் பிடரியை நிமிர்த்தி ஐந்து எண்ணுங்கள். தலையை வட்டமாகச் சுழற்றுவதை மட்டும் வேகமாகச் செய்ய வேண்டாம், சிலருக்குத் தலை சுற்றும்.

கண்ணுக்கு 20 நிமிடத்துக்கு ஒரு தரம் 20 அடி தூரத்தில் உள்ள ஒன்றை 20 வினாடி பாருங்கள். திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது பாதிக்கும் கீழே குறைந்துவிடுகிறது, பின்னேரம் கண் எரிவது அதனால்தான். யன்னலால் ஒரு வேப்ப மரமோ வாவியோ தெரிந்தால் அதைப் பாருங்கள்.

பகல் சோற்றுக்குப் பிறகு

மேசையிலேயே பார்சலை விரித்துச் சாப்பிட்டுவிட்டு அப்படியே வேலையைத் தொடங்குவது எங்கள் கந்தோர்களில் சாதாரணம். சாப்பிட்டதும் நித்திரை தூங்குகிறது என்று எல்லோரும் முறையிடுவதும் சாதாரணம். சாப்பாட்டை வேறு இடத்தில் வைத்துச் சாப்பிடுங்கள், முடிந்ததும் அரை மணிக்குள் பத்து நிமிடம் மெதுவாக நடவுங்கள். சோற்றால் ஏறும் சீனி உச்சிக்குப் போவதற்கு முன்னரே தசை அதில் ஒரு பங்கை எடுத்துவிடும்.

ஆனால் எங்கே நடப்பது? வைகாசியிலிருந்து ஆவணி வரை கச்சான் காற்று வீசும்போது பகல் ஒரு மணிக்கு வெளியே நடக்கச் சொன்னால் அது பாவம். 33, 34 பாகை வெயிலோடு அந்த அனல் காற்றும் சேர்ந்தால் தலையிடிதான் மிச்சம். அந்த மாதங்களில் வராந்தாவிலேயே மேலும் கீழும் நடவுங்கள், மாடிப்படி இருந்தால் ஏறி இறங்குங்கள். புளியந்தீவுக்குள் வேலை செய்பவர்கள் மற்ற மாதங்களில் வாவிக் கரையோரம் காந்திப் பூங்கா வரை போய் வரலாம், மர நிழல் இருக்கிறது. சீனி வருத்தத்துக்கு ஊசி போடுபவர்களும் குளிசை எடுப்பவர்களும் நடையைக் கூட்டுவதற்கு முன் வைத்தியரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், சீனி அளவுக்கு மிஞ்சிக் குறையவும் கூடும்.

போகும் வழி, வரும் வழி

எங்கள் கரையோரம் முழுக்கத் தட்டையான நிலம். வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரைக்கும் சைக்கிளுக்கு ஏற்றமே இல்லை என்று சொல்லலாம். 2022இல் பெற்றோல் வரிசையில் நாள் கணக்காக நிற்க முடியாமல் எத்தனையோ உத்தியோகத்தர்கள் பழைய சைக்கிளைத் தட்டி எடுத்தார்கள். அந்த மாதங்களில் உடம்பு இலேசாக இருந்தது என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். பெற்றோல் வந்ததும் சைக்கிள் மறுபடி கொட்டிலுக்குள் போய்விட்டது, எனக்கு அது பெரிய கவலை. வீடு ஐந்து கிலோமீற்றருக்குள் இருந்தால் கிழமையில் இரண்டு நாளாவது சைக்கிளில் போங்கள். கல்லடிப் புதுப் பாலம் 2013இல் திறந்த பிறகு பழைய இரும்புப் பாலத்தில் பெரிய வாகனங்கள் போவதில்லை. அதனால் அந்த வழி நடைக்கும் சைக்கிளுக்கும் நிம்மதியானது, வாவிக் காற்றும் உண்டு. பிரதான வீதியில் போகிறவர்கள் பின்பக்கச் சிவப்பு வெளிச்சம் இல்லாமல் இருட்டில் ஓட வேண்டாம்.

பஸ் என்றால் ஒரு ஹோல்ட் முன்னதாக இறங்கி நடவுங்கள். சீற் இல்லாமல் நிற்க வேண்டி வந்தால் அதையும் உங்கள் கணக்கில் சேருங்கள்.

பின்னேரமும் சனி ஞாயிறும்

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி வளர்ந்தவர்களுக்குக் கிழமைக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பும், இரண்டு நாளாவது தசையைப் பலப்படுத்தும் வேலையும் தேவை. முன்பு ஒரே தடவையில் பத்து நிமிடமாவது தொடர்ந்து செய்ய வேண்டும் என்றிருந்தது, அந்த நிபந்தனையை இப்போது எடுத்துவிட்டார்கள். இரண்டு நிமிடம் படி ஏறினாலும் கணக்குத்தான். பத்து இலட்சத்துக்கு மேற்பட்டவர்களின் விபரங்களைச் சேர்த்துப் பார்த்த 2016ஆம் ஆண்டு ஆய்வொன்றில், நாளுக்கு எட்டு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு உள்ள கூடுதல் ஆபத்து 60 முதல் 75 நிமிடம் மிதமாக உழைப்பவர்களிடம் இல்லாமல் போயிருந்தது. நம்மில் எத்தனை பேருக்கு நாளுக்கு 75 நிமிடம் கிடைக்கும்? அதனால்தான் பின்னேர நடையோடு நிற்காமல் பகலிலும் எழும்பச் சொல்கிறேன்.

மிதம் என்றால் நடக்கும்போது கதைக்க முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது. நாளுக்குப் பத்தாயிரம் காலடி என்று ஒரு எண் உலாவுகிறதே, அது 1965இல் யப்பானில் விற்பனைக்கு வந்த காலடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது. அதற்குக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு, எண்ணைப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

நேரம்தான் எங்களுக்குக் கொஞ்சம் இடக்கு. கிழக்குக் கரை என்பதால் விடிவதும் வேளைக்கு, இருள்வதும் வேளைக்கு. ஆனியில் காலை ஆறுக்கு முன்னமே சூரியன் வந்துவிடும், ஏழரைக்கு வெயில் சுடும். கார்த்திகையில் பின்னேரம் ஆறுக்கு முதலே மறைந்துவிடும். கந்தோர் விட்டு வீட்டுக்குப் போய் உடுப்பு மாற்றித் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகலாம் என்றால் இருட்டிவிடும். எனவே ஒரு சோடிச் சப்பாத்தைக் கந்தோரிலேயே வைத்துக்கொண்டு நேரே போய்விடுங்கள். கடற்கரையில் பெண்கள் இரண்டு மூன்று பேராகச் சேர்ந்து நடப்பது நல்லது. கட்டாக்காலி நாய்கள் இருக்கும் ஒழுங்கைகளிலும் அது உதவும். வாவிக்கு மேற்கே படுவான்கரையிலும் அம்பாறையின் உட்பகுதிகளிலும் இருப்பவர்கள் மாலை மங்கிய பிறகு தனி வீதியில் நடக்கவே வேண்டாம், யானை வரும் இடங்கள் அவை. வளவுக்குள் நடந்தால் போதும்.

தசைக்கு ஜிம் கட்டாயமில்லை. கதிரையில் கை ஊன்றாமல் பத்துத் தரம் இருந்து எழும்புங்கள், சுவரில் கை வைத்துப் பத்துத் தரம் தள்ளுங்கள். கிணறு உள்ளவர்கள் சனி ஞாயிறு மோட்டாரைப் போடாமல் வாளியால் அள்ளிக் குளியுங்கள். முற்றம் கூட்டுவதும் மண் கொத்துவதும் வேலையாள் செய்ய வேண்டியவை என்று விட்டுவிடாதீர்கள்.

மாரி, நோன்பு, கதிர்காமம்

கார்த்திகை முதல் தை வரை மழை வெளுத்து வாங்கும். வீதி வெள்ளத்தில் நிற்கும்போது நடையை விட்டவர்கள் பலர் மாசியிலும் தொடங்குவதில்லை. மழைக்காலத்துக்கு வீட்டுக்குள் ஒரு திட்டம் வைத்துக்கொள்ளுங்கள்: விறாந்தையில் பதினைந்து நிமிடம், அப்புறம் மேலே சொன்ன கதிரைப் பயிற்சி.

நோன்பு பிடிக்கும் சகோதரர்கள், தண்ணீர் நிரப்பும் சாட்டு இல்லாததால் அந்த மாதம் முழுக்கக் கதிரையிலேயே இருந்துவிடுவதாக காத்தான்குடி நண்பி ஒருவர் சொன்னார். தொழுகைக்கு எழும்புவதோடு ஃபைல், போன் சாட்டுகளையும் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் வேக நடை வேண்டாம். நோன்பு திறந்த பிறகு, சாப்பாடு கொஞ்சம் இறங்கியதும் நடப்பதே நல்லது.

ஆடியில் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் கந்தோர்ப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். உகந்தையிலிருந்து காட்டு வழி பல நாள் நடை. வருடம் முழுக்கக் கதிரையில் இருந்துவிட்டு நேரே அதில் இறங்கியவர்கள் இரண்டாம் நாளே கால் கொப்பளித்து, முழங்கால் வீங்கி நிற்பதைக் கண்டிருக்கிறேன். குறைந்தது இரண்டு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். முதலில் அரை மணித்தியாலம், பிறகு கிழமைக்குப் பத்துப் பதினைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். கடைசிக் கிழமைகளில் யாத்திரைக்குக் கொண்டுபோகும் பையையும் தோளில் போட்டு நடந்து பாருங்கள்.

எப்போது வைத்தியரிடம் போக வேண்டும்

நாரி நோ காலுக்கு இறங்கினால், கால் விறைப்பு நாள் கணக்கில் நின்றால், காய்ச்சலோடு நாரி நோ வந்தால் பயிற்சியை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். சலம் போவதில் கட்டுப்பாடு குறைந்தால் அன்றைக்கே போக வேண்டும். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சுட்டு நோவெடுத்தாலும் அப்படியே, இரத்தம் கட்டியிருக்கலாம். நெஞ்சு நோ, திடீர் மூச்சு முட்டல் என்றால் 1990க்கு அடியுங்கள், இலவச அம்புலன்ஸ் வரும். 35 வயது தாண்டியவர்களுக்கு அரச ஆஸ்பத்திரிகளில் சீனி, பிறசர், உடல் எடை எல்லாம் இலவசமாகப் பார்க்கும் கிளினிக்குகள் உண்டு. ஒரு நாள் அரை நாள் லீவு போட்டாவது போய்ப் பாருங்கள். கர்ப்பிணித் தாய்மார் தங்கள் கிளினிக்கில் கேட்டுவிட்டுத் தொடங்க வேண்டும்.

முதல் நாலு கிழமை

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். முதல் கிழமை கதிரை, திரை, காலடிச் செங்கல் ஆகியவற்றைச் சரிசெய்து, தண்ணீர்ப் போத்தலைக் கிளாஸாக மாற்றுங்கள். வேறொன்றும் வேண்டாம். இரண்டாம் கிழமை போன் வந்தால் எழும்புவதும் ஃபைலை நீங்களே கொண்டுபோவதும். மூன்றாம் கிழமை பகல் சோற்றுக்குப் பின் பத்து நிமிடம். நாலாம் கிழமை ஒரு நாள் சைக்கிள் அல்லது ஒரு ஹோல்ட் நடை, இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடுவில் காய்ச்சலோ வீட்டு விசேஷமோ வந்து விட்டுப்போனால், விட்ட கிழமையிலிருந்து தொடருங்கள்.

நாலாம் கிழமை முடிவில், முதலில் கணக்கெடுத்த அதே கிழமை நாளில் இன்னொரு துண்டுக் கடதாசியை எடுத்துக் கோடு போடுங்கள். பின்னேரம் லாச்சியில் வைத்த பழைய கடதாசியைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். என்னுடைய இரண்டாவது கடதாசியில் 19 கோடு இருந்தது, ஆக நீண்ட இடைவெளி 50 நிமிடம். அந்த 50 நிமிடம் எந்த வேலையில் போனது என்று பார்த்தேன், சம்பளப் பட்டியல் ஒப்பிடும் வேலை. அடுத்த மாதத்திலிருந்து அந்தப் பட்டியலை உயரமான அலுமாரியின் மேல் விரித்து நின்றபடி ஒப்பிட்டேன்.